திரையில் ஒட்டிய காந்தக் கறை

நேயர்களுக்கு வணக்கம். நான் செல்லூரில் இருபத்தைந்து வருடமாக டிவி, மானிட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். தட்டைத் திரை வந்த பிறகு டியூப் மானிட்டரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கு மாதத்துக்கு ஒன்றாவது வந்துகொண்டுதான் இருக்கிறது. பழைய வீடியோ கேமை இந்தத் திரையில் ஆடினால்தான் ருசி என்கிற பையன்கள் மதுரையிலும் இருக்கிறார்கள்.

போன மாதம் மேலூர்ப் பக்கம் மைக்செட் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வந்தார். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த 17 அங்குல மானிட்டர். "டியூப் போயிருச்சு தம்பி, வேற மாத்த முடியுமா?" என்றார். போட்டுப் பார்த்தால் இடது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாத் திட்டு, அதைச் சுற்றிப் பச்சை. ரோட்டில் தேங்கிய தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் தெரியுமே, அந்த மாதிரி.

"பக்கத்துல என்னண்ணே வச்சிருந்தீக?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். திருவிழா முடிந்து இறக்கிய பெரிய ஸ்பீக்கர் ஒன்றை, பெட்டியிலிருந்து கழற்றி, நாலு நாள் மானிட்டரோடு சாய்த்து வைத்திருந்தாராம்.

கலர் டியூப்பில் கண்ணாடிக்குச் சற்று உள்ளே மெல்லிய இரும்புத் தகடு ஒன்று உண்டு. ஷேடோ மாஸ்க் என்போம். சல்லடை மாதிரி லட்சக்கணக்கான ஓட்டைகள். பின்னாலிருந்து வரும் மூன்று எலக்ட்ரான் கற்றைகள் அந்த ஓட்டை வழியாகப் போய் சிவப்புப் புள்ளி, பச்சைப் புள்ளி, நீலப் புள்ளி என்று தன் தன் இடத்தில் விழ வேண்டும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தம் பட்டுத் தகட்டிலும் காந்தம் ஏறினால் கற்றை இம்மி விலகும். சிவப்புக்குப் போகவேண்டியது பச்சையில் விழும். ஸ்பீக்கரை எடுத்துவிட்டாலும் தகட்டில் ஏறிய காந்தம் போகாது. கருப்பு வெள்ளை டியூப்பில் இந்தத் தகடு கிடையாது, அதனால் கறையும் நிற்காது.

இதற்கு மருந்து மானிட்டருக்குள்ளேயே இருக்கிறது. டியூப்பைச் சுற்றி, ஏறிய காந்தத்தைப் போக்குவதற்கென்றே டீகாஸ் காயில் என்று ஒரு கம்பிச் சுருள் ஓடும். சுவிட்சைப் போட்டதும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம், படம் ஒரு குலுக்கல் — அது இதன் வேலை. ஏசி கரண்ட் முதலில் பலமாகப் பாய்ந்து, ஓரிரு நொடியில் தேய்ந்து அடங்கும். காந்தமும் முன்னும் பின்னும் ஆடி ஆடிக் குறைந்து போகும். கரண்டைத் தேய்ப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடேறினால் கரண்டை மறிக்கும். அதனால்தான் சுவிட்சை டக்கு டக்கென்று பத்துத் தடவை போட்டு அணைப்பதில் பிரயோசனம் இல்லை. அரை மணி நேரம் ஆறவிட்டுப் போட வேண்டும். மின்வெட்டுக் காலத்தில் மதுரை மானிட்டர்கள் எல்லாம் கறையில்லாமல் இருந்ததற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம்!

இவருடைய கறை அதற்கு அடங்கவில்லை. கடையில் ஆணியில் தொங்கும் கைக் காயிலை எடுத்தேன். ஓர் அடி அகல வளையம், 230 வோல்ட்டில் ஓடுவது. திரைக்கு முன்னால் பிடித்து அதன் பட்டனை அழுத்தினால் படம் முழுக்க வானவில்லாக நெளியும், அண்ணன் பதறிப்போனார். வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டே மெதுவாகப் பின்னால் நடக்க வேண்டும். ஆறேழு அடி தள்ளி வந்து, வளையத்தைப் பக்கவாட்டில் திருப்பி, அப்புறம்தான் கையை எடுக்க வேண்டும். திரைக்குப் பக்கத்திலேயே பட்டனை விட்டால் முன்பைவிடப் பெரிய கறை விழும். தொழில் பழகும்போது நானே விழ வைத்திருக்கிறேன். இன்னொரு நாள் மேசையில் இருந்த என் கல்யாண கேசட்டை மறந்துவிட்டேன். நாதஸ்வரம் போச்சு. வீட்டில் இன்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

பழைய டிவியில் கழற்றிய காயிலை நேரே பிளக்கில் சொருகாதீர்கள், கருகிவிடும். மூடியைக் கழற்றவே கழற்றாதீர்கள். கலர் டியூப்பில் ஏறும் மின்சாரம் 25,000 வோல்ட் அளவுக்குப் போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப்பில் தங்கியிருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்த காந்தத்தைத் திரையில் ஒட்டிப் பார்க்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஜாக்கிரதை. அந்த இழுப்பில் தகடே வளைந்துவிட்டால் எந்தக் காயிலும் உதவாது.

மூன்றாம் சுற்றில் திரை சுத்தமானது. மறுநாள் அண்ணனிடமிருந்து போன். "தம்பி, மூலையில லேசா மறுபடி சிவக்குது."

"உங்க கடையில மானிட்டர் எந்தத் திசை பாத்து இருக்குண்ணே?"

"மேற்கு."

என் மேசையில் வடக்குப் பார்த்து இருந்தது. நம் ஊரில் பூமியின் காந்தம் வடக்குத் தெற்காக, கிட்டத்தட்ட படுக்கைவாக்கில் ஓடுகிறது. திசை மாறினால் திரைக்குத் தெரியும். மானிட்டரை இருக்கிற இடத்திலேயே வைத்து, மெனுவில் இருக்கும் டீகாஸை ஒரு தடவை அமுக்கச் சொன்னேன். போனிலேயே 'டொய்ங்' கேட்டது.