கடல் அர்ச்சின் முட்டையும் கத்தோலிக்க வலதுசாரிகளும்

[திரை: நுண்ணோக்கியில் இரண்டு செல்லாகப் பிரிந்த ஒரு கரு]

1891, த்ரியெஸ்தே துறைமுகம். ஹான்ஸ் திரீஷ் என்ற ஜெர்மானிய உயிரியலாளர், கடல் அர்ச்சின் என்ற முள்ளுடம்புக் கடலுயிரியின் கருவைக் குலுக்கி அதன் இரண்டு செல்களையும் தனித்தனியாக்கினார். ஒவ்வொன்றும் பாதி உடம்பாகத்தான் வளரும் என்று பார்த்தால், வந்ததோ அளவில் சிறிய, ஆனால் முழுசான லார்வாக்கள். எந்த இயந்திரத்தைப் பிளந்தால் இரண்டு இயந்திரம் கிடைக்கும்? உயிரை வேதியியல் மட்டும் நடத்தவில்லை என்று பிறகு முடிவுகட்டினார் திரீஷ். நடத்தும் அந்த ஏதோ ஒன்றுக்கு அரிஸ்டாட்டிலிடமிருந்து 'என்டெலெக்கி' என்ற பெயரை எடுத்துக்கொண்டார்.

[திரை: பாரிஸ்]

உயிரை நடத்தும் இப்படியொரு தனி விசை, அதாவது உயிர்விசை என்றாலே அங்கே தத்துவஞானி பெர்க்சன்தான். அவருடைய மாணவரும் பின்னாளில் கத்தோலிக்கத் தத்துவஞானியுமான ழாக் மரித்தேன் 1906-இல் ஞானஸ்நானம் பெற்று, அதே வருஷம் ஹைடல்பெர்க் போய் திரீஷிடம் உயிரியல் படித்தார். பெர்க்சனின் உலகில் எல்லாமே ஓடிக்கொண்டிருக்கும் ஆறு. அதில் திருச்சபையின் மாறாக் கோட்பாடு மட்டும் எப்படி நிற்கும்? 1914-இல் பெர்க்சனின் மூன்று நூல்களை ரோம் தடைப்பட்டியலில் சேர்த்தது. பழைய குருவை மறுத்து மரித்தேனே முன்பு தனி நூல் எழுதியிருந்தார்.

சரி, உயிர்விசை அத்தோடு போயிற்றா? இல்லை. திரீஷின் நூல் 1921-இல் பிரெஞ்சில் வந்தபோது முன்னுரை எழுதியவர் மரித்தேன். காரணம் புரிகிறது: ஆன்மா உடலின் வடிவம் என்று இடைக்காலத் திருச்சபை அறிஞர் அக்குவினாஸ் சொன்னதற்குப் பக்கத்தில் என்டெலெக்கி இயல்பாகப் பொருந்தி உட்கார்ந்தது. அதுவும் குருமடத்திலிருந்து வரவில்லை, ஆய்வகத்திலிருந்து வந்தது! பொருள்முதல்வாதிகளை அடிக்க இதைவிட நல்ல கம்பு கிடைக்குமா?

அப்போது மரித்தேன், பாராளுமன்றத்தை வெறுத்த வலதுசாரி முடியாட்சி இயக்கமான 'ஆக்சியோன் பிரான்சேஸ்' பக்கம் இருந்தார். அதன் தலைவர் மொராஸ் விசுவாசியே அல்லர் என்பது தனி வேடிக்கை. சமூகம் ஒரு உடம்பு, தனிமனிதர்களின் குவியல் அல்ல என்பது பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்தவர்களின் பழைய வாதம். முழுமைதான் முதலில், உறுப்புகள் பிறகுதான் என்று உயிரியலே சொல்வதுபோல இருந்தால் அவர்களுக்குக் கசக்குமா?

ஆனால் பரிசோதனையை ஒருமுறை திரும்பப் பாருங்கள். திரீஷ் கண்டது, பிரித்த இரண்டில் எந்தச் செல்லும் முழு உடலாக முடியும் என்பதை. பிறப்பிலேயே கையென்றும் காலென்றும் விதிக்கப்பட்ட செல் அங்கே இல்லை. படிநிலைச் சமூகத்துக்கு இது சாட்சி என்றால், எனக்கென்னவோ அது பிறழ்சாட்சியாகத்தான் தெரிகிறது.

1926 கடைசியில் போப் பதினோராம் பத்திநாதர் (பயஸ்) அந்த இயக்கத்தைக் கண்டித்தார். மரித்தேன் விலகி, போப்பின் பக்கம் நின்று எழுதினார். திரீஷோ போரை எதிர்த்தவர். யூதர் அல்லாத அவரையும் 1933-இல் நாஜிகள் லைப்சிக் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெறச் செய்து அனுப்பினார்கள்.