பனிமலையில படுக்க இடம் உண்டு: அன்னபூர்ணா டீ ஹவுஸ் நடை

[காட்சி: கீழக்குயில்குடி, சமணர் மலைப் படிகள். விடிகாலை. ரெண்டு பேர் முதுகிலயும் பை.]

பைக்குள்ள இருக்கிறது வெறும் தண்ணி. ஆளுக்கு எட்டு லிட்டர், பழைய பாட்டில்ல அடைச்சது. ஆடு மேய்க்கிற தாத்தா ஒருத்தர் ரெண்டு வாரம் பொறுத்துப் பாத்துட்டு, "ஏம்மா, மேல யாருக்குத் தண்ணி கொண்டு போறீக?"ன்னு கேட்டே கேட்டுட்டாரு. பனிமலை ஏறப் பழகுறோம்னு சொன்னா நம்பணுமே!

[காட்சி: நேபாள வரைபடம். பொக்காராவிலிருந்து வடக்கே ஒரு கோடு.]

நாங்க கிளம்பினது அன்னபூர்ணா அடிவார முகாமுக்கு. 4,130 மீட்டர். இந்த வழியில கூடாரம் தூக்க வேணாம். அங்கங்க டீ ஹவுஸ் இருக்கு. பேருதான் டீக்கடை, ரூம், கட்டில், கனத்த கம்பளி எல்லாம் உண்டு. சோறு, பருப்பு, காய் சேந்த தால் பாத், கேக்கக் கேக்கப் போடுவாங்க. வழியில வர்ற சோம்ரோங் கிராமத்தைத் தாண்டினா கறி கிடையாது. அதுக்கு மேல இருக்கிற மலை, அங்க வாழுற குருங் மக்களுக்குத் தெய்வம். அழகர்மலையைப் பாத்து வளந்தவங்களுக்கு இதைப் புரிய வைக்கவா வேணும்? எங்க வீட்டுக்காரர் முகம்தான் சுருங்கிப் போச்சு.

[காட்சி: பனியில நடை. அவர் ஜாக்கெட்டைக் கழட்டுறார்.]

நம்ம ஊர்க்காரங்க பண்ற முதல் தப்பு, இருக்கிற ஸ்வெட்டரை எல்லாம் மாட்டிக்கிட்டு நடக்கிறது. ஏறும்போது வேர்க்கும். நின்னா, நனைஞ்ச பனியன் ஐஸ் மாதிரி முதுகுல ஒட்டும். அதனால ஸ்வெட்டரைக் கழட்டிட்டு, உடம்பு லேசாக் குளிர்ற மாதிரியே நடக்க ஆரம்பிங்க. போய்ச் சேந்ததும் டீ அப்புறம், முதல்ல துணி மாத்துங்க.

நிஜக் குளிர் ராத்திரிதான். சூடு சாப்பாட்டு ஹால்ல மட்டும்; ரூம்ல கிடையாது. பாட்டில்ல சுடுதண்ணி பிடிச்சு, மூடியை ரெண்டு தடவை திருகிப் பாத்து, ஒரு சாக்ஸுக்குள்ள விட்டு, ஸ்லீப்பிங் பேக்ல கால்மாட்டுல வைங்க. காலையில அதுவே குடிதண்ணி. செல்போனும் உள்ளயே தூங்கட்டும், குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கிடும்.

[காட்சி: தேவுராலி 3,200, மச்சாபுச்சரே முகாம் 3,700, அன்னபூர்ணா முகாம் 4,130.]

சமணர் மலை முட்டியைப் பழக்கும், மூச்சைப் பழக்காது. 4,130 மீட்டர்ல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல சுமார் 60 சதவீதம்தான். 3,000 மீட்டருக்கு மேல, படுக்கிற இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல உயரக் கூடாது. தேவுராலியிலிருந்து ஒரே நாள்ல மேல ஓடாம, நடுவுல மச்சாபுச்சரே முகாம்ல தங்கச் சொல்றது அதுக்குத்தான்.

நாங்க தங்கினோம். அப்படியும் அன்னிக்கு ராத்திரி இவர் பாதிச் சோத்தைத் தட்டுல வச்சிட்டாரு. மூணு தடவை பருப்பு வாங்குற மனுஷன்! "ஏங்க, தலை வலிக்குதா?"

"சும்மா லேசாத்தான்..."

விடிஞ்சும் வலி போகல, வாந்தி வேற. உயரத்துல காத்து குறையுறதால வர்ற நோய்க்கு இதுதான் அறிகுறி. முகாமுக்கு இன்னும் 430 மீட்டர். ஏறல. வெயில் சரிவுல பட்டா பனி சரியும், அதனால அதுக்கு முன்னாடியே கீழ இறங்கினோம்.

[காட்சி: தேவுராலி சாப்பாட்டு ஹால். தட்டு மட்டும்.]

ரெண்டாவது தடவை பருப்பு கேக்குறாரு.