ஊரடங்கில் நான் பார்த்த முகங்கள் | மதுரை ஸ்டுடியோவிலிருந்து

வணக்கம். கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு, பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களை உட்கார வைக்கும் அதே ஸ்டூலில் அமர்ந்து இன்று உங்களோடு பேசுகிறேன். லென்ஸ்களைப் பற்றியும் விளக்குகளைப் பற்றியும் பேசும்படி பலர் எழுதியிருந்தீர்கள். அவற்றை அடுத்தடுத்த காணொளிகளில் பேசுவேன். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தத் தொழிலும் என் வீடும் என்ன ஆயின என்பதை நான் இதுவரை எங்கும் முழுமையாகச் சொன்னதில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும் என்று இன்று தோன்றியது.

எங்கள் ஸ்டுடியோ சிம்மக்கல்லுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கிறது. அப்பா தொடங்கியது. உதகமண்டலத்தில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் ‘இந்து’ என்ற பெயரில் விற்ற பிலிம் சுருளில் அவர் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுப்பார். இருட்டறையில் கழுவி உலர்த்திய பிறகு, கூர்தீட்டிய பென்சிலால் நெகட்டிவின் மேல் கண்ணுக்குக் கீழே உள்ள கருமையை மெல்ல மெல்ல நிரப்பிச் சரிசெய்வார். அந்தக் கையின் பொறுமையைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடை என் பொறுப்புக்கு வந்த பிறகும் அவர் நாள்தோறும் காலையில் வந்து, வாசலில் நாளிதழ் படித்தபடி உட்கார்ந்திருப்பார்.

எங்களைப் போன்ற ஸ்டுடியோக்களுக்குப் பங்குனி தொடங்கி வைகாசி முடியும் வரைதான் அறுவடைக் காலம். பள்ளிகளின் குழுப் படங்கள், சித்திரைத் திருவிழாவுக்கு மொட்டை போட்டுக்கொண்டு வருகிற குழந்தைகள், அழகர் வேடமிட்டுத் தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், அதைத் தொடர்ந்து கல்யாணங்கள் என்று அந்த மூன்று மாதங்களில் வருகிற வருமானத்தில்தான் மீதி ஆண்டின் வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஓடும். 2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தபோது நான் ஷட்டரை இறக்கினேன். மறுநாள் அதிகாலையில், தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் எங்கள் ஊர் அரசு ராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்தது. அதுவரை தொலைக்காட்சிச் செய்தியாக இருந்த ஒன்று, நான் தினமும் கடந்து போகிற சாலையில் வந்து நின்றதுபோல இருந்தது.

மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணத்தை வீட்டில் ஐந்து பேரும் என் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். அம்மா அந்தச் சிறிய திரையைப் பார்த்தபடியே தாலிக்கயிற்றை மாற்றிக்கொண்டார். அழகர் அந்த ஆண்டு ஆற்றில் இறங்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்து, அப்பா சித்திரை மாதத்தில் கேமராவைத் தொடாமல் இருந்தது அந்த ஒரு முறைதான்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கேமராவை விற்றேன். மனைவியின் நகையில் நான்கு பவுன் அடகுக்குப் போனது. புதிதாக வாங்கியிருந்த 85 மில்லிமீட்டர் லென்ஸின் தவணைக்கு ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் இறுதி வரை அவகாசம் அளித்திருந்தது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது என்பதைத் தவணையில் பொருள் வாங்கிய எல்லோரும் அறிவீர்கள். தையல் தெரிந்த என் மனைவி, படங்களுக்குப் பின்னணியாக நான் தொங்கவிடும் வெள்ளைப் பருத்தித் துணியை வெட்டி முகக்கவசங்கள் தைத்து, பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்குக் கொடுத்தார். அந்த ஏப்ரலில் எங்கள் வீட்டுக்கு வந்த வருமானம் அவருடைய கையிலிருந்து வந்ததுதான்.

நடுவில் சில வாரங்கள் கடையைத் திறக்க முடிந்தது. அப்போதுதான் என் தொழில் எவ்வளவு தூரம் தொடுதலால் ஆனது என்பதை உணர்ந்தேன். அப்பா இரண்டு விரல்களால் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்புவார், நானும் அப்படித்தான். தோளை இறக்குவது, சட்டைக் காலரை நேராக்குவது, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவது எல்லாமே கை செய்கிற வேலை. இப்போது ஆறடி தள்ளி நின்று, “தாடையை ஒரு நூல் இறக்குங்கள், பார்வை என் தோளுக்கு மேலே இருக்கட்டும்” என்று வாயாலேயே செய்விக்க வேண்டியிருந்தது. முகக்கவசத்தைக் கழற்றியதும் மூக்கின் மேல் கம்பி பதிந்த தடம் தெரியும். அது மறைவதற்காக இரண்டு நிமிடம் காத்திருந்த பிறகே படம் எடுப்பேன்.

ஜூன் 24 இல் மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு வந்து ஜூலை நடுப்பகுதி வரை நீண்டது. இனி கடையை நம்பிப் பயனில்லை என்று கணினியையும் பிரிண்டரையும் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தேன். அந்த அறையில்தான் என் மகள் இணைய வகுப்பைக் கவனித்தாள். வீட்டில் இணையத்தோடு இருந்த நல்ல கைப்பேசி ஒன்றே ஒன்று. காலையில் அவளுக்குப் பள்ளி, மாலையில் எனக்கு வாடிக்கையாளர்.

அந்த நாட்களில் அவளும் நானும் சேர்ந்து செய்த ஒரு காரியம் எனக்கு இன்றுவரை மிகவும் நிறைவைத் தருகிறது. பரணில் இருந்த அப்பாவின் நெகட்டிவ் பெட்டிகளை இறக்கினோம். மெல்லிய எல்.இ.டி. பலகையின் மேல் நெகட்டிவை வைத்து, கேமராவை முக்காலியில் தலைகீழாக மாட்டி, ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக் கணினியில் நேர்ப்படமாக மாற்றினோம். சில சுருள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரிக்க நாங்கள் துணியவில்லை. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களில் கேட்பாரற்றுக் கிடந்த படங்களைத் தேடி மின்படிகளாக்கிப் பாதுகாத்திருக்கிறது. என் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு சொத்து இருந்ததை அந்த ஜூலையில்தான் கண்டுகொண்டேன். அப்பா நாற்காலியை எங்கள் பின்னால் இழுத்துப் போட்டு, “இவர் யானைக்கல்லில் பாத்திரக்கடை வைத்திருந்தார், இந்தப் பெண்ணின் நிச்சயதார்த்தம் நின்றுபோய் மறுபடி நடந்தது” என்று ஒவ்வொரு முகத்துக்கும் உரியதைச் சொல்லிக்கொண்டே வந்தார். மகள் அவற்றை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இனி நான் சொல்லப்போவது 2021 மே மாதத்தைப் பற்றியது. 10 ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியது. 24 ஆம் தேதி முதல் மளிகைக் கடைகளும் அடைபட்டன. அந்த நாட்களில் என் கைப்பேசிக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே வேண்டுகோளுடன்தான் வந்தன. யாரோ இறந்துவிட்டார், மாலை போட ஒரு படம் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கேதத்துக்குப் போவதென்றால் முகம் பார்ப்பதுதான் முதல் காரியம். எவ்வளவு தொலைவிலிருந்து வந்தாலும், வருகிறவர் வந்து முகத்தைப் பார்க்கும்வரை உடலை எடுக்கக் கூடாது என்று காத்திருப்பார்கள். அந்த மே மாதத்தில் உடலைச் சுற்றிக் கட்டி, மருத்துவமனையிலிருந்து நேராகத் தத்தநேரி மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். பல வீடுகளில் பெற்ற பிள்ளைகளே முகத்தைப் பார்க்கவில்லை. ஆகவே பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் அனுப்புகிற படம்தான் அவர்களுக்குக் கிடைத்த கடைசி முகப்பார்வையாக இருந்தது. வழக்கமாகச் செய்துவந்த ஒரு வேலை இவ்வளவு கனமாக மாறும் என்று நான் நினைத்ததே இல்லை.

அனுப்பப்பட்ட மூலப் படங்களைப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கும். ரேஷன் ஸ்மார்ட் கார்டில் இருந்த விரல் நகம் அளவுப் படம், ஆதார் அட்டை, யாரோ ஒருவரின் காதுகுத்தில் பந்திக்கு நடுவே தற்செயலாகப் பதிவான பாதி முகம், முகக்கவசம் அணிந்து எடுத்த செல்ஃபி. எழுபது ஆண்டு வாழ்ந்தவருக்கு ஒரு நல்ல படம் இல்லை. மகள் அந்தப் பக்கம் கணக்கு வகுப்பில் இருப்பாள். இந்தப் பக்கம் நான் கணினித் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு இறந்தவர்களின் முகங்களை வெட்டி எடுத்துக்கொண்டிருப்பேன். ஆனாலும் அழைப்பில் கேட்கும் அழுகையை அவளிடமிருந்து மறைக்க முடியவில்லை.

ஒரு பெண், தன் அம்மாவுக்குப் பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலத்தில் படம் கேட்டார். அந்த அளவுக்குத் தெளிவாக அச்சிட 3600க்கு 4500 புள்ளிகள் வேண்டும். அவர் அனுப்பியதோ, வாட்ஸ்அப்பில் பல கை மாறி வந்த கல்யாணக் குழுப் படம். மூன்றாவது வரிசையில் நின்ற அந்த அம்மாவின் முகம் நூறு புள்ளி உயரம்கூட இல்லை. முகத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் ஒரு மென்பொருளில் கொடுத்தேன். கண் இமைகள்கூடத் தனித்தனியாகத் தெரியும்படி மிக அழகான ஒரு முகம் வந்தது. அனுப்பிய சில நிமிடங்களில் அந்தப் பெண் அழைத்தார். “அண்ணே, இது எங்கம்மா இல்லண்ணே. எங்கம்மாவுக்குச் சிங்கப்பல் இருக்கும். அது இல்லாம எனக்கு அடையாளமே தெரியல” என்றார். மென்பொருள் பல்வரிசையை நேராக்கியிருந்தது. எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. தாயின் முகத்தைத் தேடி வந்த ஒருவருக்கு நான் வேறொரு பெண்ணின் முகத்தைக் கொடுத்திருக்கிறேன்.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் மூலப் படத்தைப் பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இல்லாததை வரையாதே. இருக்கிற அளவுக்குச் சின்னதாகப் போட்டுக் கொடு” என்றார். மென்பொருளை ஒதுக்கிவிட்டு, நிறத்தையும் வெளிச்சத்தையும் மட்டும் சரிசெய்து, தாளின் நடுவே உள்ளங்கை அளவுக்குப் படத்தை வைத்து, சுற்றிலும் வெள்ளையாக இடம் விட்டு அச்சிட்டேன். புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது, ஆனால் சிரிப்பின் ஓரத்தில் அந்தப் பல் தெரிந்தது. அந்தப் பெண் அதையே சட்டம் போட்டுக்கொண்டார்.

தளர்வுகள் வந்த பிறகு, ஜூலையில், ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லூர்த் தெருக்களில் முதியவர்களைப் படம் எடுக்கத் தொடங்கினேன். கட்டணம் வாங்கவில்லை. அவர்கள் தங்கள் வீட்டுத் திண்ணையிலோ வாசற்படியிலோ உட்காருவார்கள். நான் தெருவின் எதிர்ப்பக்கம் நிற்பேன். நான்கு மீட்டர் தொலைவிலிருந்து அந்த 85 லென்ஸில் முழங்கால் வரை அழகாக வரும். மாலை ஐந்து மணிக்கு எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்துக்கு இணையான விளக்கு என் கடையில் இல்லை. தனியாகப் படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சியவர்கள் பலர். முதலில் பேரப்பிள்ளையோடு சேர்த்து எடுப்பேன்; பிள்ளை எழுந்து ஓடிய பிறகு அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று எடுப்பேன். முன்கூட்டியே அதைச் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்.

அவர்களில் ஒரு பாட்டியின் காதுகள் தோள்வரை தொங்கின, ஆனால் பாம்படம் இல்லை. ஊரடங்கில் அடகுக்குப் போய் மூழ்கிவிட்டது என்றார். “படத்துலயாவது போட்டு விடுய்யா” என்று கேட்டார். நான் தயங்கினேன், அந்தச் சிங்கப்பல்லுக்குப் பிறகு எதையும் சேர்க்க மாட்டேன் என்று உறுதி எடுத்திருந்தேன். அப்பாவிடம் கேட்டபோது, “அது இருந்ததுதானே. இருந்ததை வரையலாம்” என்றார். மகளின் நோட்டைப் பார்த்து, பாம்படம் அணிந்த ஒரு பெண்ணின் பழைய நெகட்டிவைத் தேடி எடுத்து, அதன் வடிவத்தைப் பார்த்துப் பார்த்து நான் வரைந்தேன். பாட்டி அச்சிட்ட படத்தை வாங்கி, காது இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகுதான், நாற்பது ஆண்டுகள் மதுரைக்குப் படம் எடுத்த என் அப்பாவுக்கு வாக்காளர் அட்டையைத் தவிர வேறு தனிப் படம் இல்லை என்பது எனக்கு உறைத்தது. ஒன்று எடுக்கலாம் என்றதும் அம்மாவுக்குக் கோபம் வந்தது. “உசுரோட இருக்குற மனுசனை எதுக்குத் தனியா உட்கார வைக்குற?” என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அப்பா எதுவும் பேசாமல் சட்டையை மாற்றிக்கொண்டு என்னோடு கடைக்கு வந்தார். இதே ஸ்டூலில் உட்கார்ந்து, இடப்பக்க விளக்கை ஒரு சாண் இறக்கச் சொன்னார். நான் அவருடைய தாடையை இரண்டு விரல்களால் திருப்பினேன். அதற்குள் இருவரும் தடுப்பூசி போட்டிருந்தோம்.

அச்சிட்டுக் கொடுத்தபோது பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே உள்ள கருமையைக் கணினியில் சற்றுக் குறைக்கட்டுமா என்று கேட்டேன். அப்படியே இருக்கட்டும் என்றார். அந்தப் படம் இப்போது அம்மாவின் பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. சுவரில் மாட்ட அம்மா இன்றுவரை சம்மதிக்கவில்லை.