15 வயதுப் பையனுக்கு எடை குறைப்பு ஆபரேஷன் செய்யலாமா?

ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 15 வயது, 165 சென்டிமீட்டர் உயரம், 118 கிலோ எடை. சர்க்கரை நோயும் வந்துவிட்டது. ராத்திரி முழுக்கக் குறட்டை, பகலில் வகுப்பில் தூங்கி விழுகிறான். டாக்டர் ஆபரேஷன் பற்றி யோசிக்கச் சொல்கிறார். வாயைக் கட்டினால் போதாதா என்கிறார் மாமியார். 18 வயது வரை காத்திருக்கலாமா?"

முதலில் மாமியாருக்குச் சொல்லிவிடுகிறேன். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 43 இருக்கிற உடம்பு வாயைக் கட்டினால் மட்டும் மசியாது. கொஞ்சம் எடை இறங்கியதுமே பசி கூடும், உடம்பு சக்தியைச் செலவழிப்பதும் குறையும். இது பையனின் சோம்பல் இல்லை. அவன் பின்கழுத்து கறுத்திருக்கிறதா, பாருங்கள். நிறைய வீடுகளில் அழுக்கு என்று நினைத்து நார் போட்டுத் தேய்க்கிறார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் வருகிற கறுப்பு அது.

காத்திருக்கலாமா என்றால், சர்க்கரை வந்த பிறகு காத்திருப்பதில் நஷ்டம்தான். அமெரிக்காவில் டீன்-லேப்ஸ் என்று ஒரு ஆய்வு. எடை குறைப்புக்கான இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் (இதய பைபாஸ் இல்லை) செய்துகொண்ட இளைஞர்களையும், அதே ஆபரேஷனைப் பெரியவர்களான பிறகு செய்துகொண்டவர்களையும் 5 வருடம் பார்த்தார்கள். எடை குறைந்தது கிட்டத்தட்ட ஒரே அளவு, 26-க்கு 29 சதவீதம். ஆனால் சர்க்கரை நோய் இருந்தவர்களில், அது கட்டுக்குள் போனது இளைஞர்களில் 86 சதவீதம் பேருக்கு, பெரியவர்களில் 53 சதவீதம் பேருக்கு மட்டும். 2023-இல் அங்குள்ள குழந்தை மருத்துவர்கள் சங்கம், கடுமையான உடல் பருமன் இருந்தால் 13 வயதிலிருந்தே அறுவை சிகிச்சைக் குழுவிடம் அனுப்பலாம் என்றது. அனுப்புவது என்றால் உடனே கத்தி வைப்பது இல்லை. தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது. எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் இப்போது வந்திருக்கின்றன, அதையும் அவர்களிடம் கேளுங்கள்.

இனி நான் கவலைப்படுகிற இடம். அதே ஆய்வில், இரும்புச் சத்தின் கையிருப்பு குறைந்தது இளைஞர்களுக்குத்தான் அதிகம், 48 சதவீதம். காரணங்களில் ஒன்று சிக்கலானது இல்லை, மாத்திரை சாப்பிடுவதில்லை. ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் கழித்து, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒரு பையன் வந்தான். பள்ளிப் பையில் சத்து மாத்திரை டப்பா சீல் பிரிக்காமல் கிடந்தது. ஸ்லீவ் என்கிற இன்னொரு வகை ஆபரேஷன் செய்தால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள், திரும்ப ஒட்ட முடியாது. பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் மாத்திரைகள் எல்லாம் ஆயுசுக்கும் கூடவே வரும். வருடா வருடம் ரத்தப் பரிசோதனை உண்டு.

சாப்பாடும் மாறும். முதல் வாரங்களில் ஒரு தம்ளர் கஞ்சியே அரை மணி நேரம் போகும். அப்புறமும் முட்டை, சுண்டல் முதலில், சோறு கடைசியில். நண்பர்களோடு பிரியாணிக் கடையில் நாலு வாயோடு நிறுத்த வேண்டும்; அவசரமாக விழுங்கினால் வாந்தி. வாந்தி நிற்காமல் போனால் தயமின் என்கிற வைட்டமின் பி1 குறைந்து நரம்பைப் பாதிக்கும், அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இதெல்லாம் அவனுக்குத் தெரியுமா? அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கள், அவன் தனியாகப் பேசட்டும். அவன் வேண்டாம் என்றால் ஆறு மாதம் கழித்து மறுபடி பேசிக்கொள்ளலாம். குறட்டைக்கான தூக்கப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அது ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் வேண்டும். சரி, அடுத்த கேள்வி.