கீழ்த்தொட்டியில் யாரைக் குடிவைப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நள்ளிரவில், கேட்டுக்கொண்டிருந்த ஓசை நின்றுபோனதால் விழித்துக்கொண்டேன். என் உப்புநீர் மீன்தொட்டியிலிருந்து அலமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டிக்குத் தண்ணீர் விழும் ஓசை அது. டார்ச்சோடு போய்ப் பார்த்தால், தண்ணீரை மேலேற்றும் மோட்டாரின் வாயை ஒரு டர்போ நத்தை அடைத்துக்கொண்டிருந்தது. பாசி தின்னும் என்று வாங்கிக் கீழே விட்டவன் நானேதான். அது சொன்னபடி தின்றது. கண்ணாடியில் ஏறி ஊர் சுற்றவும் செய்யும் என்பதுதான் எனக்கு உறைக்கவில்லை.

இந்தக் கீழ்த்தொட்டியைத்தான் 'சம்ப்' என்கிறார்கள். அதன் ஓர் அறையில் கீட்டோ என்ற பாசியை, பச்சைக் கம்பளி நூலைச் சுருட்டிப் போட்டதுபோல வளர்ப்போம். மேலே விளக்கு அணைந்ததும் இங்கே விளக்கு எரியும். இரவில் கூடும் கார்பன் டை ஆக்சைடை அந்தப் பாசி உறிஞ்சிக்கொள்வதால், நீரின் பிஹெச் அளவு அதிகம் சரியாமல் நிற்கிறது. அந்தப் பாசிக்கட்டுக்குள் எந்தெந்த முதுகெலும்பிலிகளை விடலாம் என்பதே இன்றைய பேச்சு.

அந்த அறையின் பெருமையே அங்கே மீன் இல்லை என்பதுதான். ஆகவே, மேலே விட்டால் ஒரே நாளில் இரையாகிவிடும் சிறு உயிர்களையே முதலில் தேடுவேன். கோபிபாட் என்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள ஓட்டுடலி. ஆம்பிபாட் அதைவிடச் சற்றுப் பெரியது. கூனல் விழுந்த குட்டி இறால்போல இருக்கும். இரண்டும் பாசிப் படலத்தையும் அழுகல் துணுக்குகளையும் தின்று பெருகுகின்றன. மோட்டார் வழியாகச் சில உயிரோடு மேலே போய்ச் சேர்கின்றன. மாண்டரின் மீன் வளர்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். நாள் முழுவதும் இந்தச் சிற்றுயிர்களைக் கொறித்துக்கொண்டே இருக்கும் அந்த மீன், உலர் தீவனத்தைப் பெரும்பாலும் சீண்டாது.

பாறையோடு ஒட்டிவரும் முள்மயிர்ப் புழுவைக் கண்டு பலர் அலறுகிறார்கள். வெறுங்கையால் தொட்டால் முள் குத்தும், உண்மைதான். ஆனால் வழக்கமாக வருபவை துப்புரவுப் பணியாளர்களே. என் தொட்டியில் அவற்றை விட்டுவைத்திருக்கிறேன். மணல் போட்டிருந்தால் நசாரியஸ் நத்தை சில போதும். மணலுக்குள் புதைந்து கிடக்கும். உணவின் வாடை பட்டதும் தும்பிக்கைபோன்ற குழலை நீட்டிக்கொண்டு எழுந்துவரும். ஆனால் மிச்ச உணவு இறங்காத கீழ்த்தொட்டியில் அது பட்டினி கிடந்து சாகும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

மேலே அட்டகாசம் செய்து பிடிபட்ட மாண்டிஸ் இறாலைக் கீழே சிறைவைப்பவர்கள் உண்டு. சிறைக்குள் இருப்பதையெல்லாம் அது தின்று தீர்த்துவிடும். கடல் அட்டையோ வேறுவிதமான ஆபத்து. மோட்டாரில் அரைபட்டால் அது கக்கும் நஞ்சு மேலே உள்ள மீன்களையும் கொல்லக்கூடும். அதோடு, நம் நாட்டில் அது 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. மன்னார் வளைகுடாவிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். சென்னைக் கோடையில் இதைக் கவனிக்காவிட்டால் மீனுக்கு முன்னால் நத்தைதான் விழும். நீரின் உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 அளவில் நிற்குமாறு நாள்தோறும் நன்னீர் ஊற்றுங்கள். மீனுக்குச் செம்பு கலந்த மருந்து தேவைப்பட்டால் தனித் தொட்டியில் வைத்துக் கொடுங்கள். முதுகெலும்பிலிகளுக்கு அது விஷம்.

என் டர்போ நத்தை இப்போது மேலே இருக்கிறது, நலமாகவே. மோட்டார் வாய்க்கு ஒரு வலை கட்டியிருக்கிறேன். பஞ்சு வைத்தால் இன்னும் பாதுகாப்பு என்றார் நண்பர். பஞ்சு வைத்தால் கோபிபாட் எப்படி மேலே போகும்?

நன்றி, வணக்கம்.