கிட்சனர் சாலையில் நிற்கும் வாசல்

(சிங்கப்பூரில் நடந்த மரபுடைமைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களே, வேலை முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் நண்பர்களே, அம்மா அப்பா இழுத்து வந்ததால் வந்திருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு கேள்வி. ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி சிட்டி ஸ்குவேர் மாலுக்குப் போனவர்கள் கை தூக்குங்கள். ஏறக்குறைய எல்லாரும். சரி, அந்தக் கடைத்தொகுதிக்குப் பக்கத்துச் சின்னப் பூங்காவில் ஒரு பழைய வாசல் நிற்கிறதே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று படித்தவர்கள்? ஒன்று, இரண்டு... ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் என் வயதுக்காரர்களாகத் தெரிகிறார்கள். (சிரிப்பு)

அது நியூ வேர்ல்ட் என்ற கேளிக்கைப் பூங்காவின் வாசல். இன்று நான் பேச வந்தது அந்த வாசலுக்குப் பின்னால் ஒரு காலத்தில் கிடைத்த சாப்பாட்டைப் பற்றியும், நடந்த ஆட்டத்தைப் பற்றியும்.

இந்த ஊரில் அப்படி மூன்று 'உலகங்கள்' இருந்தன. 1923 ஆகஸ்ட் முதல் தேதி ஜாலான் புசார் பக்கம் நியூ வேர்ல்ட் திறந்தது. ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹாக் என்ற அண்ணன் தம்பி இருவர் தொடங்கியது. பூன் டாட் என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவேன். அடுத்து 1931இல் கிம் செங் சாலையில் கிரேட் வேர்ல்ட். சீனக் கிழவிகள் அதை 'துவா செ காய்' என்பார்கள், பெரிய உலகம் என்று அர்த்தம். மூன்றாவது, 1930களின் நடுவில் கேலாங் பக்கம் வந்த ஹேப்பி வேர்ல்ட். அது பின்னால் கே வேர்ல்ட் என்று பெயர் மாறியது. ஷாங்காயில் 1917இல் தொடங்கிய 'பெரிய உலகம்' என்ற கேளிக்கைக்கூடம்தான் இவற்றுக்கெல்லாம் மூத்த அண்ணன்.

எங்கள் வீடு ஓவன் சாலைப் பக்கம். அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் வேலை. சம்பளம் வந்த வாரக் கடைசியில், கிட்சனர் சாலை வழியாக நடந்தே நியூ வேர்ல்டுக்குப் போவோம். 1960களின் தொடக்கம். அம்மா வீட்டிலேயே எல்லாருக்கும் சோறு போட்டுத்தான் அழைத்துப் போவார். "அங்கே போய் வாயைத் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். உள்ளே நுழைந்த பத்தாவது நிமிடம் அவரே கச்சாங் பூத்தே வாங்கிக் கொடுப்பார்.

கச்சாங் பூத்தேக்காரரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அது நம்முடைய ஆட்கள் செய்த தொழில். தட்டைத் தலையில் சுமந்தும், பின்னால் தள்ளுவண்டியிலும், வேகவைத்த கொண்டைக்கடலை, வறுத்த நிலக்கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு, சர்க்கரை பூசிய கடலை என்று விதவிதமாக வைத்து விற்பார்கள். மலேசியாவின் ஈப்போ நகரில் புந்தோங் பக்கம் கச்சாங் பூத்தே கம்பம் என்றே ஓர் இடம் இருக்கிறது. எட்டயபுரத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய இடம். பாரதி பிறந்த ஊர் மலாயாவுக்குக் கடலை கொடுத்த ஊரும்கூட. இதை ஏன் நம் பாடப்புத்தகத்தில் போடவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

கடலையைக் காகிதச் சுருளில் போட்டுக் கொடுப்பார்கள். பழைய தொலைபேசிப் புத்தகமாக இருக்கும், சில நேரம் பள்ளிக்கூட நோட்டாக இருக்கும். ஒரு தடவை சுருளைப் பிரித்தால் யாரோ ஒரு பையனின் கணக்குப் பரீட்சைத் தாள். நூற்றுக்குப் பதினெட்டு. அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் என்னை மிரட்டினார். (சிரிப்பு)

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நியூ வேர்ல்டில் ராட்டினம் இருந்தது, பேய் ரயில் இருந்தது, சினிமாக் கொட்டகை இருந்தது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது, ஒரு மர முக்காலியில் உட்கார்ந்து மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் தின்றபோது என் காதில் விழுந்த சத்தம். இடது பக்கம் சீனக் கூத்து, ஜால்ரா மாதிரி தகடுகளை அடித்து நொறுக்குவார்கள். வலது பக்கம் 'புங்ஙா தஞ்சோங்' என்ற மண்டபத்தில் ஜோகெட் என்ற மலாய் நடனம், அங்கிருந்து வயலினும் ரெபானா மேளமும். பின்னால் சினிமாக்காரனின் ஒலிபெருக்கி. இன்னும் சற்றுத் தள்ளி, குத்துச்சண்டை மேடையைச் சுற்றி நிற்கும் கூட்டம் ஒரே மூச்சில் 'ஆ' என்று கத்தும். யாரோ விழுந்துவிட்டார் என்று அர்த்தம்.

அத்தனையும் சேர்ந்து ஒரு தட்டு மீ கோரெங்குடன் வரும். நீங்கள் பங்சாவான் நாடகத்துக்குச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மலாய் இளவரசி அழுவது கேட்டுவிடும். பக்கத்து மேசைச் சீனத் தாத்தா தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கூத்துப் பாட்டை முணுமுணுப்பார். அவர் எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாமலே நாங்களும் சிரிப்போம். எனக்குத் தெரிந்த ஹொக்கியன் சீனமொழி வார்த்தைகளில் பாதி அந்த முக்காலியில் கற்றவை. நல்ல வார்த்தைகள் இல்லை.

நடனக்கூடம் இருக்கிற பக்கம் வந்தால் மட்டும் அம்மாவின் நடை வேகமாகிவிடும். "நேரே பார்த்து நட" என்பார். நாங்கள் நேரே பார்த்து நடப்போம். அப்பா மட்டும் அந்த இடத்தில் எப்போதும் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிவார். (பலத்த சிரிப்பு)

அந்தக் 'கேபரே' கூடங்களில் சீட்டு வாங்கினால் உங்களோடு ஒரு பாட்டுக்கு ஆட வரும் பெண்கள் இருந்தார்கள். டாக்சி டான்சர் என்று பெயர். ஊர் அவர்களைப் பற்றி என்ன பேசியது என்பது உங்களுக்குத் தெரியும். ஊர் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். 1946இல், போர் முடிந்த கையோடு, ஹேப்பி வேர்ல்டின் நடனப் பெண்களில் ஒருவரான ஹீ யன் நா, தோழிகளைச் சேர்த்துக்கொண்டு கேலாங்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். 'ஹேப்பி தர்மப் பள்ளி'. 1979 வரை நடந்தது அந்தப் பள்ளி. ஆடிச் சம்பாதித்த காசில் அ ஆ படித்த பிள்ளைகள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். எந்த வாசலும் அவர்களுக்காக நிற்கவில்லை.

ஹேப்பி வேர்ல்டில் அப்படி ஆடத் தொடங்கியவர்தான் ரோஸ் சான். பிறகு மலைப்பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மலாயா முழுக்க மேடையேறினார். அவர் பெயரைச் சொன்னால் இந்த அவையில் சிலர் சிரிப்பை அடக்குவது மேடையிலிருந்து நன்றாகத் தெரிகிறது. அவர் இறந்தது 1987இல். நியூ வேர்ல்ட் மூடப்பட்டதும் அதே ஆண்டு.

மல்யுத்தத்தைச் சொல்லாமல் விட்டால் என்னை மேடையை விட்டு இறக்கிவிடுவீர்கள். தமிழ்நாட்டிலும் கிங்காங் - தாராசிங் மோதலைப் பற்றிப் பேசாத திண்ணை இருந்திருக்காது. அந்தத் தாராசிங் 1947இல் சிங்கப்பூருக்கு வந்தபோது ஓர் ஆலைத் தொழிலாளி. மல்யுத்தம் பழகியது கிரேட் வேர்ல்டின் அரங்கத்தில். கிங்காங் ஹங்கேரியில் பிறந்த மனிதர், நிஜப் பெயர் எமில் சாயா. 1970இல் விபத்தில் அடிபட்டு அவர் உயிர்விட்டதும் இந்த ஊரில்தான். என் பெரியப்பா கடைசிவரை ஒரே ஒரு கேள்விக்குத்தான் கோபப்படுவார்: "அதெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த சண்டைதானே பெரியப்பா?" ஒரு வாரம் எங்களோடு பேச மாட்டார்.

சரி, சாப்பாடு. கிரேட் வேர்ல்டுக்குள் விங் சூன் யூன் என்ற காண்டனீஸ் உணவகம் இருந்தது. கல்யாண விருந்து என்றால் அங்கேதான் என்று வசதியான சீனக் குடும்பங்கள் சொன்ன காலம் உண்டு. வெளியே தள்ளுவண்டியில் காசுக்குச் சாப்பிடுகிறவனும், உள்ளே வெள்ளிக்கு, அதாவது டாலருக்கு, சாப்பிடுகிறவனும் ஒரே வாசல் வழியாகத்தான் வந்தார்கள். அந்த உணவகம் இன்னமும் இருக்கிறது, ஸ்பிரிங் கோர்ட் என்ற பெயரில், அப்பர் கிராஸ் ஸ்திரீட்டில். பூங்கா போய்விட்டது, அவர்களுடைய போப்பியாச் சுருள் தப்பித்துவிட்டது.

எல்லாவற்றையும் பொன்னாக மெழுகிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பிக்பாக்கெட் உண்டு, குண்டர் கும்பல் உண்டு, சாக்கடை நாற்றம் உண்டு. ஜப்பானியர் காலத்தில் இந்தப் பூங்காக்கள் சூதாட்டக்கூடங்களாகின. கிரேட் வேர்ல்டில் 1942இல் ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளை அடைத்து வைத்து வேலை வாங்கினார்கள். ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த கைதிக்கு அந்த இடத்தின் மேல் என்ன ஏக்கம் இருந்திருக்கும்?

அதே இருண்ட காலத்தில்தான் இந்தப் பூங்காக்களில் கெத்தாய் மேடை உருவெடுத்தது என்பார்கள். பாட்டு, நகைச்சுவை, துண்டு நாடகம் எல்லாம் கலந்த மேடை. பூங்காக்கள் போன பிறகு அது தெருவுக்கு வந்தது. இப்போதும் சீனர்களின் ஏழாம் மாதத்தில் அடுக்குமாடிகளுக்கு நடுவே பார்க்கிறோம். முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிடுவார்கள். அவை ஆவிகளுக்கு. நான் அந்த வழியாக நடந்து போகும்போதெல்லாம், அதில் ஒரு நாற்காலி என் பெரியப்பாவுக்கு என்று நினைத்துக்கொள்வேன். அவர் தமிழர்தான், இருந்தாலும் இடம் கொடுப்பார்கள்.

எப்படிப் போயிற்று இதெல்லாம்? 1963 பிப்ரவரியில் தொலைக்காட்சி வந்தது. அடுத்த ஆண்டே கிரேட் வேர்ல்ட் பூங்கா மூடப்பட்டது. கொட்டகைகள் மட்டும் கொஞ்ச காலம் ஓடின. குளிர்சாதனத் திரையரங்குகள் வந்தன, கடைத்தொகுதிகள் வந்தன, நிலத்தின் விலை ஏறியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தள்ளுவண்டிக்காரர்களை உணவங்காடி நிலையங்களுக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீர் வசதி, கழிவுநீர் வசதி, சுத்தம். அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது, நான் வயிற்றுப்போக்கில் கிடந்த பிள்ளை. ஆனால் என்ன ஆயிற்று பாருங்கள். சாப்பாடு உணவங்காடிக்குப் போனது. சினிமா ஆர்ச்சர்ட் சாலைக்குப் போனது. கூத்தும் நாடகமும் அழைப்பிதழ் அச்சடிக்கிற அரங்குகளுக்குப் போயின. மல்யுத்தம் டிவிக்குள் போய்விட்டது. ஒவ்வொன்றும் முன்பைவிட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீ கோரெங் தின்னும்போது எனக்கு இப்போது கேட்பது மீ கோரெங் வறுபடும் சத்தம் மட்டும்தான்.

யாரும் முயற்சி செய்யாமல் இல்லை. ஜூரோங்கில் 1992இல் 'டாங் டைனஸ்டி சிட்டி' என்று ஒரு பழைய சீன நகரத்தையே கட்டி எழுப்பினார்கள். ஏழே ஆண்டில் மூடினார்கள். நானும் குடும்பத்தோடு போனேன். சிலைகள் பிரமாதம். ஆனால் அங்கே எல்லாரும் பார்க்க வந்தவர்கள். பக்கத்து மேசையில் தொடையில் தாளம் போடும் தாத்தா இல்லை. சும்மா வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறவன்தான் நியூ வேர்ல்டைப் பாதி நடத்தினான். நுழைவுச் சீட்டு விலை ஏறினால் முதலில் நின்றுபோகிறவனும் அவன்தான்.

கிரேட் வேர்ல்ட் இருந்த இடத்தில் 1997இல் கடைத்தொகுதி வந்தது. 2022இல் எம்ஆர்டி நிலையமும் வந்தது. ரயிலில் அறிவிப்பு வரும்போது பக்கத்தில் இருக்கும் இளைஞர்களைப் பார்ப்பேன். ஒரு கடையின் பெயர் என்றுதான் நினைக்கிறார்கள். இன்று வீட்டுக்குப் போகும் வழியில் உங்கள் தாத்தா பாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் எந்த வேர்ல்டுக்குப் போவீர்கள்?" பதில் ஒரு மணி நேரம் வரும். பதிவு செய்துகொள்ளுங்கள்.

பூன் டாட் என்ற பெயரை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா. லாவ் பா சாட் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் பூன் டாட் ஸ்திரீட் அவர் பெயரில்தான் இருக்கிறது. பகலில் அது வங்கிக்காரர்கள் வேகமாக நடக்கும் சாலை. சாயங்காலம் ஏழு மணி வாக்கில் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடுச்சாலையில் மேசை போட்டு, வரிசையாகச் சாத்தே, அதாவது குச்சியில் குத்திய இறைச்சி, சுடுவார்கள். புகை கண்ணாடிக் கட்டடங்களின் மேல் ஏறும். போன வாரம் தனியாகப் போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் பிலிப்பினோ பெண்கள் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள், இன்னொரு பக்கம் வெள்ளைக்காரர் ஒருவர் கடலைக் குழம்பை ஸ்பூனால் குடித்துக்கொண்டிருந்தார்.

சாத்தேக்காரரிடம், "தம்பி, இந்தச் சாலைக்குப் பெயர் வைத்தார்களே, அந்த பூன் டாட் யார் தெரியுமா?" என்று கேட்டேன். விசிறியை நிறுத்தாமலே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பத்தா, இருபதா அங்கிள்?"

இருபது சொன்னேன்.