கடன்பட்டவர்களின் அந்தோனியார்

(திருகோணமலையில் ஒரு பங்கு மண்டபத்தில், புனித அந்தோனியார் நவநாள் தொடக்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருட்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, அன்பான உறவுகளே,

கொடி ஏறிவிட்டது. இனி ஒன்பது நாளும் மாலையானால் இந்த வளவு நிறைந்துவிடும். பந்தல், லைட், தேர் எல்லாவற்றையும் ஆலய சபையும் இளைஞர்களும் பார்த்துக்கொள்வார்கள். எனக்குத் தந்த நேரத்தில் நாம் யாருடைய நாளைக் கொண்டாடுகிறோம் என்று பேச ஆசைப்படுகிறேன்.

திருச்சபை புனிதர்களைப் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளிலேயே நினைவுகூர்கிறது. அன்னை மரியாவுக்கும் திருமுழுக்கு யோவானுக்கும்தான் பிறந்த நாளுக்கென்று தனி விழா உண்டு. இது மிகப் பழைய வழக்கம். இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரத்து ஆயர் பொலிக்கார்ப் கொல்லப்பட்டார். அவருடைய எலும்புகளை எடுத்து அடக்கம் செய்த மக்கள், ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே கூடப்போவதாக மற்றச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். இன்று நாம் புனிதர்களுக்கு வைக்கும் திருவிழாக்கள் இப்படிப்பட்ட கல்லறைக் கூட்டங்களிலிருந்து வந்தவைதான். கல்லறையில் கூடியவர்களுக்கு அந்த மனிதரைத் தெரிந்திருந்தது. அவர் எப்படி வாழ்ந்தார், எதற்காகச் செத்தார் என்பதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்.

திருவழிபாட்டு நாட்காட்டியில் பெருவிழா, விழா, நினைவு, விருப்ப நினைவு என்று படிகள் இருக்கின்றன. அந்தோனியாருடைய ஜூன் 13 உலகத் திருச்சபைக்கு ஒரு நினைவு நாள் மட்டுமே. ஆனால் அவர் பெயரைத் தாங்கிய ஆலயத்தில் அதே நாள் பெருவிழா ஆகிறது. ஜனவரி 20-இல் வரும் செபஸ்தியாருக்கும் இப்படித்தான். நாட்காட்டியில் விருப்ப நினைவு, அவர் பெயரிலுள்ள ஆலயத்தில் பெருவிழா. எனக்கு இந்த ஒழுங்கு மிகவும் பிடிக்கும். ஓர் ஊருக்கும் ஒரு புனிதருக்கும் உள்ள உறவைத் திருச்சபை மதிக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நம்முடைய கரையில் அந்தோனியாருக்கு வாய்த்த காலமும் நல்ல காலம். ஜூனில் கச்சான் காற்று வீசும், கடல் தொழிலுக்கு வாகாக இருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து வந்து வாடி அடித்திருக்கும் சிங்களச் சகோதரர்களும் மெழுகுதிரியோடு வந்து நிற்பார்கள். செவ்வாய்க்கிழமைகளில் இந்து மக்களும் வருகிறார்கள். அவரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதனால்தான் அந்தக் கிழமை அவருக்கு ஆனது. திருப்பலி முடிந்ததும் வாசலில் கூடையோடு நின்று மந்திரித்த பாண் துண்டைக் கையில் வைப்பார்களே, அதை வாங்கும் முகங்களை ஒருமுறை பாருங்கள். பல பேர் அங்கேயே சாப்பிடுவதில்லை. சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போகிறார்கள், வீட்டில் கிடக்கிற நோயாளிக்குக் கொடுக்க.

சரி, இந்த அந்தோனியார் யார்? காணாமற்போன சாமான்களைக் கண்டுபிடித்துத் தருபவர். அதுதான் நமக்குத் தெரியும். லிஸ்பனில் பிறந்தவர் என்பதும் பெர்னாண்டோ என்பது திருமுழுக்குப் பெயர் என்பதும் மறைக்கல்வி வகுப்பில் சொன்னது ஞாபகம் இருக்கலாம். மொரோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் அவர் அப்போது இருந்த கொயிம்பிரா நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டதைக் கண்டு, 1220-இல் தானும் அந்தச் சபையில் சேர்ந்தார். மொரோக்கோவுக்கே போனார். அங்கே நோயில் விழுந்தார். திரும்பும் வழியில் புயல் கப்பலைச் சிசிலித் தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்படித்தான் இத்தாலிக்கு வந்தார்.

நான் சொல்ல வந்தது அவருடைய கடைசி ஆண்டைப் பற்றி. 1231-ஆம் ஆண்டுத் தவக்காலம். பதுவை நகரத்தில் நாள்தோறும் பிரசங்கம் செய்தார். கேட்கவந்த கூட்டம் கோயிலுக்குள் கொள்ளாமல் வெளியிலே, திறந்த வெளியிலே நின்றது. அந்த நகரத்தில் வட்டிக்குக் கொடுப்பவர்களின் கை ஓங்கியிருந்தது. கடனைக் கட்ட முடியாதவனைச் சிறையில் தள்ளுவார்கள். உள்ளே இருப்பவன் எதை உழைத்துக் கட்டுவது? அந்தோனியார் வட்டிக்காரரைக் கண்டித்துப் பேசியதோடு விடவில்லை. நகர ஆட்சியாளரிடம் போய்க் கேட்டார். அந்த மார்ச் மாதத்திலேயே பதுவையில் ஒரு சட்டம் வந்தது: கடன்பட்டவரோ பிணை நின்றவரோ கட்ட வழியில்லாவிட்டால் அவருடைய உடைமைகளை எடுக்கலாம், ஆளைச் சிறைப்பிடிக்கக் கூடாது. அந்தோனியார் கேட்டுக்கொண்டபடி செய்தது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மூன்று மாதத்தில், ஜூன் 13-ஆம் தேதி, அவர் இறந்துபோனார். ஓராண்டு ஆகுமுன்பே, 1232 மே 30-இல், ஒன்பதாம் கிரகோரி பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

பிணை நின்றவர் என்ற சொல்லைக் கவனியுங்கள். கிழக்கு மாகாணத்தில் குழுக்கடன் எடுத்த பெண்களுக்கு அதன் பாரம் தெரியும். ஒருத்தி அந்தக் கிழமைக் காசைக் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். வசூலிக்க வருபவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். அக்கம்பக்கத்துச் சிநேகிதம் முறியும், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுப்பார்கள். படகுக்கும் வலைக்கும் முற்பணம் வாங்கியவர் பிடித்த மீனை முற்பணம் தந்தவருக்கே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். இவர்களெல்லாம் வெளியார் இல்லை. இந்த ஒன்பது நாளும் நம்மோடு வரிசையில் முழந்தாளிடப்போகிறவர்கள். தொலைந்த சங்கிலி கிடைக்க வேண்டும் என்று மன்றாடுகிறோம். அடகுக்குப் போன சங்கிலிக்கும் அதே புனிதரிடம் கேட்கலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

நவநாளின் ஒவ்வொரு மாலைக்கும் ஒரு குழு பொறுப்பெடுக்கிறது. மரியாயின் சேனைக்கு ஒரு நாள், இளைஞருக்கு ஒரு நாள், கடற்றொழிலாளருக்கு ஒரு நாள். அதில் ஒரு மாலையைக் கடன்பட்டவர்களுக்கு ஒதுக்கும்படி பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்கிறேன். அன்றைய மறையுரை பதுவைச் சட்டத்தைப் பற்றியதாக இருக்கட்டும். விசுவாசிகள் மன்றாட்டில் ஒன்று அவர்களுக்காக. அன்று விழும் காணிக்கையை வின்சென்ட் டி போல் சபையின் கையில் கொடுப்போம். எந்த வீட்டுக்கு அவசரம் என்று அவர்களுக்குத் தெரியும், பெயரை வெளியே சொல்லவும் மாட்டார்கள். வாணவேடிக்கைக்கு ஒதுக்கிய காசில் பாதியையும் அதோடு சேர்க்கலாமா என்று இளைஞர்கள் யோசித்துச் சொல்லுங்கள். கடன் பத்திரங்களை வாசித்து விளக்கத் தெரிந்தவர்கள், வங்கியில் வேலை செய்தவர்கள், சட்டம் படித்தவர்கள் இந்தப் பங்கிலேயே இருக்கிறீர்கள். அன்று மாலை திருப்பலி முடிந்தபின் இந்த மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். பத்திரத்தோடு வருகிறவர் இந்துவா, முஸ்லிமா, நம்மவரா என்று பார்க்க வேண்டாம். யார் யார் உட்காருவீர்கள் என்று இப்போது, கலைந்து போகுமுன், முன்னுக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.